பிட்கெல்லியின் இரண்டாவது அணை

1975ஆம் ஆண்டு நான் மெல்பேர்ணில் ட்ராம் கொண்டக்டராக இருந்தேன். இதைச் சொல்லும்போது, அதற்கு முன் பதினொரு வருடம் கொழும்பில் ஓர் ஆங்கிலத் தினசரியில் துணை ஆசிரியராக இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஏறி மூன்று நிறுத்தம் தள்ளி இறங்குபவர்களுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு மூதாட்டி "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டு ரிக்கற்றை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். பாவம் நானா, அந்தப் பத்திரிகையா என்று கேட்பதற்குள் ட்ராம் கிளம்பிவிட்டது.

என் மனைவி கமலினிக்குக் கிளேட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. ஆஸ்திரேலியா கூப்பிட்டது அவளைத்தான். நான் அவளுடைய பொதிகளில் ஒன்றாக வந்து சேர்ந்தவன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்யும் முதல் காரியம், எங்கள் வட்டார வாரப் பத்திரிகையை எடுத்து அதிலுள்ள பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவது. அவற்றைத் தொகுத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவேன். ஆறாவது கடிதத்துக்குப் பிறகு ஆசிரியர் ப்ரையன் கீஃப் என்னை நேரில் வரச் சொன்னார். அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று கமலினி நினைத்தாள்.

"ராட்னா," என்றார் கீஃப். இரத்தினசிங்கம் என்ற பெயரில் அவர் எடுத்துக்கொண்ட பகுதி அவ்வளவுதான். "எங்களைத் திருத்துவதைவிட எங்களுக்கு எழுதலாமே? ஒரு நிருபர் போய்விட்டான். இங்கே ஓக்லியில் ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர் தன்னுடைய கராஜுக்குள் ஒரு துறைமுகம் கட்டிவைத்திருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் அதை நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். எண்ணூறு சொல் எழுதிக் கொண்டுவாருங்கள். நன்றாக வந்தால் அந்த மேசை உங்களுடையது."

அவர் காட்டிய மேசையில் ஒரு தட்டச்சு இயந்திரமும், பழைய நிருபரின் சிகரெட் துண்டுகள் இருந்த ஒரு சாம்பல் கிண்ணமும் இருந்தன. ஒரு கதிரை, ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே ட்ராம் இல்லை. அந்த மேசை எனக்கு எவ்வளவு தேவை என்பதை அந்தக் கணத்தில்தான் அறிந்தேன். இரண்டு வருடமாக யாரும் என்னிடம் கேட்டதெல்லாம் "இது சிற்றிக்குப் போகுமா?" என்பதுதான்.

ஸ்கொட்லாந்து என்றதும் எனக்கு ஒரு மிதப்பும் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளியில் பிரித்தானியாவின் கிழக்குக்கரைத் துறைமுகங்களை வடக்கிலிருந்து தெற்காக ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். விக், ஃப்ரேசர்பரோ, பீற்றர்ஹெட், அபர்டீன், டண்டீ. மூச்சு விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில மைல் தள்ளியிருந்த காங்கேசன்துறையில் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் கப்பல் நிற்கும் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. அது பரீட்சையில் வராது.

கிழவரின் பெயர் ஜேம்ஸ் டார்விட். எண்பத்தொரு வயது. ரயில் பெட்டிகள் கட்டும் தொழிற்சாலையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நான் வேலை முடிந்து அப்படியே போனதால் என் சீருடையைப் பார்த்துவிட்டு, "கொண்டக்டர், நான் ட்ராமுக்குச் சொல்லி அனுப்பவில்லையே" என்றார். பத்திரிகைக்காக வந்திருக்கிறேன் என்றேன். கொழும்பு, துணை ஆசிரியர், பதினொரு வருடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லது, கொண்டக்டர். உள்ளே வா" என்றார். அதன்பிறகு கடைசிவரை அவருக்கு நான் கொண்டக்டர்தான். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

கராஜில் ஒரு மேசைப்பந்து மேசை முழுவதையும் பிட்கெல்லி என்ற மீன்பிடிக் கிராமம் பிடித்திருந்தது. பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், ஆறு வருடமாக, ஞாபகத்திலிருந்து மட்டும் கட்டியது. ஊரைவிட்டு வரும்போது அவருக்குப் பதினொரு வயது.

ஏளனம் செய்யும் எண்ணத்தோடு குனிந்த நான் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. வீடுகளெல்லாம் கடலுக்கு முகம் காட்டாமல் ஒடுங்கிய பக்கச்சுவரைக் காட்டிக்கொண்டு, குளிரில் தோளைத் திருப்பி நிற்பவர்களைப்போல நெருக்கி நின்றன. அந்தப் பக்கச்சுவர்கள் உச்சிவரை படிப்படியாக ஏறின. கூரைகளில் சிவப்பு ஓடு. ஒல்லாந்திலிருந்து வெறுங்கப்பலாகத் திரும்பும்போது பாரத்துக்காக ஏற்றிவந்த ஓடுகள் என்றார் டார்விட். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே ஒரு கல் ஏணிப்படி. கீழே வலையும் பீப்பாயும், மேலே மனிதர்கள். நடுவில் துறைமுகம். கிழக்குப் பாறையிலிருந்து முழங்கை மடித்த கைபோல வளைந்து வந்தது ஒரு கல் அணை. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தையது.

அந்த அணையில் கற்கள் படுக்கையாக இல்லாமல், அலுமாரியில் அடுக்கிய புத்தகங்களைப்போல நிமிர்ந்து நின்றன. எந்த மேசன் கல்லை இப்படி நிறுத்திவைத்துக் கட்டுவான்? கிழவருக்குத் தடுமாறிவிட்டது என்று முடிவு செய்தேன். அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடும். எங்கள் ஊரில் படித்தவன் கேள்வி கேட்கமாட்டான். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்ப்பான்.

ஆனாலும் அவர் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்தேன், தொழில் பழக்கம். 1904 டிசம்பரில் தென்கிழக்குக் காற்றில் கடல் நேராகத் துறைமுகத்துக்குள் புகுந்து, கயிற்றில் கட்டி நின்ற அவருடைய தகப்பனின் வள்ளத்தை உட்சுவரில் மோதி உடைத்தது. அடுத்த வருடம் குடும்பம் கப்பலேறியது. இதை அவர் சாதாரணமாகச் சொன்னார், நான் சாதாரணமாக எழுதிக்கொண்டேன்.

அடுத்த விடுமுறை நாளில் மாநில நூலகத்தின் பெரிய குவிமாடத்தின் கீழே போய் உட்கார்ந்தேன். ஸ்கொட்லாந்தின் மீன்பிடித் துறைமுகங்கள் பற்றி நூறு வருடத்துக்கு முன் அச்சான ஒரு தடித்த அறிக்கையைக் கொண்டுவந்து தந்தார்கள். தோல் அட்டை, பொன் எழுத்து. இப்படியான புத்தகத்தின் முன் எனக்கு இயல்பாகவே முதுகு நிமிர்ந்து கைகள் கட்டிக்கொள்ளும். பிட்கெல்லிக்கு நான்கு பக்கம் இருந்தது. கற்களை நிறுத்திவைத்தே கட்டுவார்கள் என்று அதில் போட்டிருந்தது. படுக்கையாக வைத்த கல்லை அலை உருவிக்கொண்டு போய்விடும், நிமிர்ந்த கற்கள் அடிபட அடிபட இறுகும். ஆக அந்த விஷயத்தில் கிழவர் கட்டியிருந்தது சரி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் அடுத்த பக்கத்தில் துறைமுகத்தின் வரைபடம் இருந்தது. அதில் அணைகள் இரண்டு.

கிழக்கிலிருந்து வரும் பழைய அணை மாதிரியில் உள்ளபடியே இருந்தது. தெற்குப் பாறையிலிருந்து இன்னொரு அணை, இருநூற்றுப் பத்தடி, அதை எதிர்கொண்டு வந்து நடுவில் ஒரு ஒடுங்கிய வாயை மட்டும் விட்டது. டார்விட்டின் மேசையில் அந்த இடத்தில் நீலப் பெயின்ற் அடித்த கடல்தான் இருந்தது. மனிதர் ஒரு முழு அணையை மறந்துவிட்டார்! அந்த இரண்டாவது அணையை முழுக் கோடாக இல்லாமல், இடையிடையே விட்டுவிட்டு இழுத்த கோட்டில் காட்டியிருந்தார்கள். அது தண்ணீருக்குள் அமிழ்ந்த பகுதி என்று நானே எனக்கு விளக்கம் சொல்லி, நானே ஏற்றுக்கொண்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த முந்நூறு பக்கங்களையும் மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, வெயிலில் நான் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தேன்.

கட்டுரையை நான்கு நாள் எழுதினேன். கிழவரின் கைவேலையை நிறையப் புகழ்ந்தேன். புகழ்ந்தபின் அணையை எடுத்தேன். "ஞாபகமும் ஒரு துறைமுகமே. தூர்வாராவிட்டால் அங்கும் மண் மூடும்" என்று ஒரு வசனம் விழுந்தது. அதைக் கமலினிக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

"அந்த மனிசனிட்டைக் கேட்டனீங்களோ, ஏன் அந்த அணையைக் கட்டேல்லை எண்டு?"

"மறந்த மனிசனிட்டை ஏன் மறந்தீர் எண்டு கேக்கிறதோ?"

"கேட்டுப் பாக்கலாம்தானே. தூரமே? ரெண்டு ஸ்டேசன்."

"புத்தகத்திலை இருக்கு, கமலி. படத்தோடை இருக்கு."

"படத்தோடை எண்டால் சரி," என்று சொல்லி அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கீஃப் துள்ளிக் குதித்தார். "காணாமல் போன அணை" என்று மூன்றாம் பக்கத்தில் முழு அகலத்துக்குத் தலைப்பு. வாசகர் கடிதங்கள் வந்தன. நூலகக் குழு டார்விட்டுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, திறப்பு விழாவுக்கு முன் மாதிரியைச் சான்றுகளின்படி நிறைவு செய்ய முடியுமா என்று கேட்டது. கீஃப் என் கையைக் குலுக்கினார். "செப்டெம்பர் முதல் திங்கள் வாருங்கள். சாம்பல் கிண்ணத்தைக் கழுவச் சொல்கிறேன்."

டிப்போவில் எல்லோருக்கும் சொன்னேன். பயணிகளுக்கும் சொன்னேன். முழங்கையில் தோல் தைத்த ஒரு பழைய ட்வீட் கோட்டை வாங்கி, பத்திரிகைக்காரனைப்போல நடந்து பார்த்தேன். வரைபடத்தையும் கட்டுரையையும் அருகருகே குசினிச் சுவரில் ஊசிகுத்தி வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குத்தான் வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் சாப்பிட வருகிறவன் ஈஸ்வரமூர்த்தி. கோயம்புத்தூர்க்காரன், கிளேட்டனில் சிவில் எஞ்சினியரிங் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். புட்டும் கத்தரிக்காய்க் குழம்புமாகத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"ஏனுங்க சார், ஒரு அணையை முழுக் கோடாப் போட்டுட்டு, இன்னொண்ணை விட்டுவிட்டுப் போட்டிருக்காங்களே?"

"அது தண்ணிக்குக் கீழை இருக்கிற பகுதி."

"முழு அணையுமே தண்ணிக்குக் கீழயாங்க?"

"ஸ்கொட்லாந்திலை அலை பெரிசு," என்றேன். இதைவிட மோசமான பதிலை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

அவன் மரியாதையானவன். ஒரு வாய் புட்டை மென்று விழுங்கிவிட்டு, "இருக்கலாமுங்க. நாங்க வந்து, கட்டப்போறதைத்தான் இப்படிப் போடுவோம்" என்றான்.

கமலினி திரும்பினாள். "கட்டப் போறதையோ?"

"ஆமாங்க்கா. கட்டி முடிச்சாத்தான் கோடு ஒண்ணு சேரும். எங்கூர்ல பாதிப் பாலம் இன்னும் இப்படித்தான் நிக்குது, பேப்பர்ல."

"நூறு வருசத்துக்கு முந்தின வரைமுறை வேறை," என்றேன் நான். "உனக்கு அது தெரியாது."

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்று உடனே ஒத்துக்கொண்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கமலினி கையைத் துடைத்துக்கொண்டு போய் என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நான் எழுதியதை எனக்கே வாசித்தாள். "'1904 டிசம்பர். தென்கிழக்குக் காற்று. கடல் நேரே உள்ளே வந்தது. தகப்பனின் வள்ளம் உடைந்தது.' இஞ்சாருங்கோ, தெற்காலை ஒரு அணை நிண்டிருந்தால் தென்கிழக்குக் கடல் எப்பிடி நேரே உள்ளுக்கு வந்தது?"

ஈஸ்வரமூர்த்தி சுவரைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். "குழம்பு நல்லா இருக்குதுங்க்கா," என்றான்.

திங்கட்கிழமை முறையை ஒருவனோடு மாற்றிக்கொண்டு குவிமாடத்தின் கீழே போனேன். அதே புத்தகம். இந்தத் தரம் கடைசிவரை புரட்டினேன். பின்னிணைப்பில் பிட்கெல்லிக்கு ஆறு வரி இருந்தது. தெற்கு அணைக்கான திட்டம் வரையப்பட்டது, ஊர்க்குழு பல தடவை விண்ணப்பித்தது, நிதி கிடைக்கவில்லை, ஒரு கல்லும் இடப்படவில்லை. பதினொரு வருடம் மற்றவர்களுடைய கட்டுரைகளின் கடைசிப் பந்தியை வெட்டிப் பிழைத்தவன் நான். கடைசியில் முக்கியமாக எதுவும் இருக்காது என்பது என் தொழில் நம்பிக்கை.

அன்று மாலை வீட்டில் நான் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பெருமைக்காக அல்ல.

"கமலி, இது ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியும்."

"அவன் தீசிஸ் முடிச்சிட்டு ஊருக்குப் போயிடுவான்."

"அப்ப நானும் போகவோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. இன்னும் ரெண்டு கிழமையிலை வேலை. இதைச் சொன்னால் அந்த மேசை போயிடும். அந்தக் கிழவனுக்கு என்ன நட்டம்? ஒரு அணை கூடுதலா இருக்கப்போகுது. அவ்வளவுதானே?"

அவள் குறிப்புப் புத்தகத்தை என் ட்வீட் கோட்டின் பையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன்.

புதன்கிழமை பிற்பகல் ஓக்லிக்குப் போனேன். சொல்வதற்காகப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் என்ன செய்வதென்று தெரியாமல்தான் போனேன்.

டார்விட் கராஜ் கதவை முழுவதும் திறந்துவைத்திருந்தார். "கொண்டக்டர்! நல்ல நேரத்தில் வந்தாய். பார்."

இரண்டாவது அணை கட்டி முடிந்திருந்தது. இருபத்தோர் அங்குலம். பழைய கூரைச் சிலேட்டுக் கல்லைச் சீவி, ஒவ்வொன்றாக நிறுத்தி, பிசின் வைத்து ஒட்டியிருந்தார். கயிறு கட்டும் தூண்கள். நுனியில் தீப்பெட்டியிலும் சிறிய ஒரு விளக்குக் கம்பம். அதற்குக் கீழே, கம்பியை வளைத்துச் செய்த ஒரு வளையம்.

"நீ எழுதியது சரி," என்றார். "முதலில் கோபம் வந்தது. யாரடா இவன், என் ஊரைப் பற்றி எனக்குச் சொல்ல என்று. பிறகு கட்டத் தொடங்கினேன். பாதி கட்டியதும் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதன்மேல் நுனிவரை போயிருக்கிறேன். நுனியில் இப்படி ஓர் இரும்பு வளையம் இருந்தது. தொட்டால் பனிக்கட்டி. எழுபது வருடம் இது எனக்குள் எங்கே கிடந்ததோ."

அவர் முகம் மலர்ந்திருந்தது. இனி நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. அவரே சாட்சி. நூலகம், ஆசிரியர், நூறு வருடப் புத்தகம், இப்போது அந்த ஊரில் பிறந்த மனிதர், எல்லோரும் ஒரே பக்கம். எனக்கு எதிராக இருந்தவை யாரும் புரட்டாத பின்னிணைப்பின் ஆறு வரியும், என் கையெழுத்தில் இருந்த நான்கு சிறு வசனங்களும் மட்டும்.

"மிஸ்டர் டார்விட்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் தெரியாதவனைப்போல ஒரு கேள்வி கேட்டேன். "அப்படியென்றால் உங்கள் அப்பாவின் வள்ளம் எப்படி உடைந்தது?"

"சொன்னேனே. தென்கிழக்குக் காற்று. கடல்..." அவர் விரல் மேசையின் மூலையிலிருந்து கடலைப்போலப் புறப்பட்டது. நீலப் பெயின்றின்மேல் நேராக வந்தது. புதிய அணையில் முட்டி நின்றது.

விரலை எடுக்கவில்லை. இன்னொரு தரம் மூலைக்குப் போய் வந்தார். மறுபடியும் அணை.

"உள்ளே வந்திருக்காது," என்றார்.

"இல்லை."

"இது இருந்திருந்தால் வள்ளம் உடைந்திருக்காது. நாங்கள் கப்பல் ஏறியிருக்கமாட்டோம்." பிறகு மெல்லிய குரலில், "அப்போ நான் அந்த வளையத்தை எங்கே தொட்டேன்?" என்றார்.

அதற்கு எந்தப் பின்னிணைப்பிலும் பதில் இல்லை. ஆறு வரிகளையும் சொன்னேன். விட்டுவிட்டு இழுத்த கோட்டைச் சொன்னேன். நான் கடைசிவரை வாசிக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "நீ அச்சில் போட்டாய், கொண்டக்டர். நான் பதினொரு வயதில் பள்ளியை விட்டவன். அச்சில் போடுகிறவர்கள் பார்த்துத்தான் போடுவார்கள் என்று நினைத்தேன்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்," என்றேன்.

"முட்டாள்," என்றார். யாரை என்று விளங்கவில்லை. இருவருக்கும் பொருந்தும் என்பதால் நானும் விசாரிக்கவில்லை. எழுந்து ஓர் உளியை எடுத்தார். "மேசையைப் பிடி. ஆடவிடாதே."

நல்ல பிசின். சுலபத்தில் விடவில்லை. அவர் உளியை வைத்துத் தட்ட, நான் மேசையை அணைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அணை பெயர்ந்தபோது, கீழிருந்த சாந்தும் நீலப் பெயின்றும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றரை அடி நீளம் அதோடு வந்துவிட்டன. அழகான கடலின் நடுவே வெள்ளையாக ஒரு தழும்பு. நான் பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"நீ எதையும் தொடாதே," என்றார்.

மறுநாள் கீஃபிடம் போனேன். திருத்தத்தை நூற்றிருபது சொல்லில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராட்னா, இது வேறு யாருக்காவது தெரியுமா?"

"இப்போது உங்களுக்குத் தெரியும்."

"ஏன் எனக்குச் சொன்னீர்கள்?" என்று வருத்தத்தோடு கேட்டார். நல்ல மனிதர். மேசை லாச்சியைத் திறந்து என் ஆறு கடிதங்களையும் எடுத்து மேலே வைத்தார். "'அடிப்படை உண்மையைக்கூடச் சரிபார்க்காத அலட்சியம்.' இது யார் எழுதியது? ஒரு தெருப் பெயரில் ஓர் எழுத்து மாறியதற்கு. எங்கள் முதலாளி இவற்றையெல்லாம் வாசித்து ரசித்திருக்கிறார். இப்போது நான் போய், இந்த ஆளைத்தான் எடுக்கிறேன், வரும்போதே இருநூற்றுப் பத்தடிப் பிழையோடு வருகிறார் என்று சொன்னால் என்ன நடக்கும்?"

"விளங்குகிறது."

"திருத்தம் போடலாம். இருபது சொல்."

"அந்த மேசை?"

பந்துருட்டும் கிளப்புகளின் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் கேட்டுச் சலிப்பூட்டுவாள் என்று கீஃப் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. திருத்தம் பதினான்காம் பக்கத்தில், காணாமல் போன நாய்களுக்குக் கீழே வந்தது. டிப்போவில் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து, எப்போது போகிறாய் என்று கேட்டார்கள். நானே ஒவ்வொருவருக்கும் சொன்னவன் அல்லவா, ஒவ்வொருவருக்கும் பதிலும் சொல்லவேண்டியிருந்தது.

திறப்பு விழாவுக்குப் போவதில்லை என்று இருந்தேன். டார்விட் தொலைபேசியில் கூப்பிட்டு, "கொண்டக்டர், மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. வேலை இருக்கிறது" என்றார்.

நூலகத்தின் நடுவே மாதிரி வைக்கப்பட்டிருந்தது. வீடுகள் தோளைத் திருப்பிக்கொண்டு நின்றன. பழைய அணை மடித்த முழங்கையோடு கிடந்தது. தெற்கே அந்த வெள்ளைத் தழும்பு அப்படியே இருந்தது. அவர் அதற்குப் பெயின்ற் அடிக்கவில்லை. நூலகக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்களாம், தன் கடல், தன் விருப்பம் என்று சொல்லிவிட்டாராம். வந்தவர்கள் ஓடுகளைப் பார்த்தார்கள், படிகளைப் பார்த்தார்கள். பிறகு தவறாமல் அந்த இடத்துக்கு விரலை நீட்டி, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"அவரிடம் கேளுங்கள்," என்று டார்விட் என்னைக் காட்டினார். "அது அவருடைய பகுதி."

ஆகவே நான் ட்வீட் கோட்டோடு மேசையின் தெற்கு மூலையில் நின்றுகொண்டு விளக்கினேன். ஊர்க்குழுவின் விண்ணப்பங்கள், கிடைக்காத நிதி, வரைபடத்தில் மட்டும் இருந்த அணை, அது பத்திரிகையில் வந்த விதம். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் எட்டு நிமிடம் எடுத்தது, போகப்போகச் சுருங்கியது. ஐந்தாவதாகக் கேட்ட, நீலத் தொப்பி அணிந்த பெண்மணிக்குச் சொல்லும்போது விஷயம் மிக நேர்த்தியாக அமைந்துவிட்டது. ஒரு பழைய புத்தகம் ஒரு பத்திரிகையாளனைத் தவறான வழியில் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான்.

கமலினி தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பக்கம் வாசிக்கேல்லை எண்டதை விட்டிட்டியள்," என்றாள். "மற்றவைக்கும் விட்டிட்டியளோ?"

"கடைசி ரெண்டு பேருக்கும்தான்."

நீலத் தொப்பிப் பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன்.